வீடு போகாதவர்களின் கிறிஸ்துமஸ்: 'தி ஹோல்டோவர்ஸ்' படமும் அதன் விமர்சகர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரை தல்லாகுளம் பக்கம் நண்பர் வீட்டு மாடியில் இருபது பேர் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். முடிந்தபோது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. பனி இறங்க ஆரம்பித்தும் யாரும் கீழே இறங்கவில்லை. அன்று மாடியிலும், பிறகு போனிலும், வழியில் பார்த்த இடத்திலும் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவை படத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பற்றியவை. நான் பல வருடங்கள் ஒரு பள்ளி விடுதியில் உதவிக் காப்பாளராக இருந்தவன். என் பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

அன்றைக்கு நான் வர முடியவில்லை சார். இது என்ன படம்?

2023இல் வந்த அமெரிக்கப் படம். இயக்கியவர் அலெக்ஸாண்டர் பெய்ன், எழுதியவர் டேவிட் ஹெமிங்சன். ஓடும் நேரம் 133 நிமிடம். கதை நடப்பது 1970 டிசம்பரில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியில். பார்ட்டன் என்ற கற்பனைப் பள்ளி. வசதியான வீட்டுப் பையன்கள் தங்கிப் படிக்கும் இடம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லாரும் பெட்டி கட்டும்போது போக வழியில்லாத ஒரு சிலர் பள்ளியிலேயே நின்றுபோகிறார்கள். அவர்களுக்குத்தான் அங்கே 'ஹோல்டோவர்ஸ்' என்று பெயர். நம் விடுதிகளில் 'ஊருக்குப் போகாத பசங்க' என்போம்.

அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை பால் ஹனம் என்ற ஆசிரியர் தலையில் விழுகிறது. பண்டைய நாகரிகங்கள் பற்றிய வகுப்பு எடுப்பவர். பள்ளிக்குப் பணம் கொடுத்த பெரிய மனிதரின் மகனுக்கு மார்க் போட மறுத்ததால் வந்த தண்டனை அது. மாறுகண், உடம்பில் தீராத மீன் வாடை, யாரையும் மனம் நோகப் பேசும் நாக்கு, பையன்கள் வைத்த பட்டப்பெயர். இதுதான் அவர். நடித்திருப்பவர் பால் ஜியாமாட்டி. கடைசியில் மிஞ்சும் மாணவன் ஆங்கஸ் டல்லி. அவனுடைய அம்மா புதுக் கணவரோடு தேனிலவுக்குப் போய்விட்டாள். மூன்றாவது ஆள் பள்ளிச் சமையற்கூடத்தை நடத்தும் மேரி லாம்ப். அவளுடைய ஒரே மகன் கர்டிஸ் அதே பள்ளியில் படித்தவன், வியட்நாம் போரில் இறந்துவிட்டான். ஆளில்லாத அந்தப் பெரிய கட்டடத்தில் இந்த மூன்று பேரும் கழிக்கும் இரண்டு வாரம்தான் படம்.

விடுமுறைப் படம் என்றால் நம்ம தீபாவளிப் படம் மாதிரியா?

இல்லை. நமக்குத் தீபாவளிப் படம் என்றால் தீபாவளிக்கு ரிலீஸ் ஆகும் படம். கதைக்குள் ஒரு மத்தாப்பூகூட எரிய வேண்டியதில்லை. மதுரைத் தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்ததை இன்னமும் சொல்லும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் நினைவில் இருப்பது புதுச் சட்டையும் கூட்டமும் முதல் காட்சி டிக்கெட்டும்.

அங்கே வழக்கம் வேறு. கதைக்குள் கிறிஸ்துமஸ் வந்தால் அது கிறிஸ்துமஸ் படம். ஒருமுறை பிடித்துப்போனால் டிசம்பர் தோறும் குடும்பத்தோடு உட்கார்ந்து மறுபடி பார்ப்பார்கள். அதனால் அங்கே ஒரு விமர்சகர் இப்படிப்பட்ட படத்தை எடை போடும்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: இது வருஷா வருஷம் பார்க்கத் தாங்குமா? 'தி ஹோல்டோவர்ஸ்' தாங்கும் என்று பலர் வெளிவந்த மாதமே எழுதினார்கள்.

வெளியீட்டுத் தேதிகள்தான் பொருந்தவில்லை. அமெரிக்காவில் 2023 அக்டோபர் 27 அன்று சில அரங்குகளில் மட்டும் வெளியாகி நவம்பரில் பரவலானது. பிரிட்டனில் 2024 ஜனவரி 19 அன்றுதான் வந்தது. பொங்கல் முடிந்து வாசலில் கிடக்கும் கரும்புச் சக்கையை வாரிக் கொட்டிய பிறகு பொங்கல் படத்தைப் போட்டது போல. அங்கத்திய ரசிகர்களுக்கு வருத்தம் இருந்தது, அது நியாயமும்கூட.

97 சதவீதம் வாங்கியது என்கிறார்கள். நூற்றுக்கு 97 மார்க்கா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் இதற்காகவே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

97 என்பது ராட்டன் டொமேட்டோஸ் என்ற தளத்தின் கணக்கு. முந்நூறுக்கும் மேற்பட்ட விமர்சனங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: இவர் படத்தை நல்லது என்கிறாரா, இல்லையா? நூற்றுக்கு 97 பேர் நல்லது என்றார்கள். எவ்வளவு நல்லது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்றவரும் 'கண் கலங்கிவிட்டது' என்றவரும் அதில் ஒரே கணக்கு. ஊர்க்கூட்டத்தில் கை தூக்கச் சொல்வதற்குச் சமம். கை தூக்கியவர் மனதார தூக்கினாரா என்பது பதிவாகாது.

மெட்டாக்ரிட்டிக் என்ற இன்னொரு தளம் விமர்சனங்களுக்கு மார்க் போட்டுச் சராசரி எடுக்கும். அதில் இதற்கு 82. அதுவும் நல்ல மார்க்தான். ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். அநேகமாக எல்லாருக்கும் படம் பிடித்திருக்கிறது, ஆனால் எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. இந்தப் படத்தின் வரவேற்பை ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, விமர்சகர்கள் எதைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள்?

முதலில் ஜியாமாட்டி. பெய்னும் அவரும் 2004இல் 'சைடுவேஸ்' படத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். அந்தப் படத்துக்காக ஜியாமாட்டியின் பெயர் ஆஸ்கர் பட்டியலில் வராமல் போனது பலருக்கு நெடுநாள் மனக்குறை. ஏறக்குறைய இருபது வருடம் கழித்து இருவரும் மறுபடி சேர்ந்ததால் எதிர்பார்ப்பு இருந்தது. பெய்னின் முந்தைய படம் 'டவுன்சைஸிங்' 2017இல் வந்தது, அது எடுபடவில்லை. எனவே 'பெய்ன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்' என்ற நிம்மதியும் பல விமர்சனங்களில் கலந்திருந்தது.

ஜியாமாட்டி பேராசிரியர் வீட்டுப் பிள்ளை. அப்பா யேல் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். இவரே கதையில் வருவது போன்ற ஒரு பள்ளியில் படித்தவர். ஹனம் வாயைத் திறந்தால் ரோமாபுரிக் கதையும் லத்தீனும் கொட்டும். அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற தொனி எங்கும் வரவில்லை. முப்பது வருடமாக அதே கரும்பலகைக்கு முன்னால் நின்ற மனிதரின் அலுப்பும் அகந்தையும் அந்தக் குரலில் இருக்கின்றன. நான் பார்த்த ஆசிரியர் அறைகளில் இப்படி இரண்டு பேராவது இருந்தார்கள். வகுப்பில் அவர்கள் காட்டிய கடுமை பாதி பயத்திலிருந்து வந்தது என்பது அவர்கள் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது டொமினிக் செஸா. ஆங்கஸாக நடித்த பையன். படப்பிடிப்புக்காகப் பள்ளிகளைத் தேடிப் போன இடத்தில், மாசசூசெட்ஸில் உள்ள டியர்ஃபீல்ட் அகாடமியில் படித்துக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை கேமராவுக்கு முன்னால் நின்றதில்லை, பள்ளி நாடகங்களில் நடித்ததோடு சரி. ஜியாமாட்டியோடு நேருக்கு நேர் உட்கார்ந்து ஒரு இடத்திலும் பின்வாங்காமல் நடித்திருக்கிறார். விமர்சகர்களுக்கு அது உண்மையிலேயே ஆச்சரியம்.

மூன்றாவது, மேரியாக வரும் டவைன் ஜாய் ராண்டால்ஃப். அவரைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். இந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

1970இல் எடுத்த படம் போலவே இருக்கிறதே. அது வெறும் ஒப்பனைதானே?

ஒப்பனை இருக்கிறது. தொடக்கத்தில் வரும் நிறுவனச் சின்னங்கள்கூடப் பழைய பாணியில் புதிதாகச் செய்யப்பட்டவை. டிஜிட்டல் கேமராவில் எடுத்துவிட்டு, ஃபிலிமில் எடுத்தது போல மணல் மணலாகத் தெரியும்படி பின்னால் வேலை செய்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு ஐகில் பிரில்ட். ஒரு காட்சி மெல்லக் கரைந்து அடுத்ததாக மாறுவது, தூரத்தில் நிற்பவரை லென்ஸ் மெதுவாக இழுத்துக்கொண்டு வருவது எல்லாம் அந்தக் காலப் பழக்கங்கள்.

இதைக் காதலித்தவர்களும் உண்டு, நெளிந்தவர்களும் உண்டு. 'பழசைப் போலச் செய்தால் பழசின் ஆழமும் தானாக வந்துவிடுமா?' என்பது நெளிந்தவர்கள் கேட்டது. நல்ல கேள்வி. என் பதில்: இந்தப் பழைய தோற்றம் படத்துக்கு நிதானத்தைக் கொடுத்திருக்கிறது. ஒரு முகத்தை நாம் பார்த்து முடிக்கும்வரை காட்சி காத்திருக்கிறது. படத்தொகுப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

எல்லாரும் புகழ்ந்த மாதிரி இருக்கிறது. குறை சொன்னவர்களே இல்லையா?

இருந்தார்கள். அவர்களைப் படிக்காமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

ஒரு குறை, கதை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பது. சிடுசிடு வாத்தியார், முரட்டுப் பையன், துக்கத்தில் இருக்கும் தாய், மூன்று பேரும் பூட்டிய கட்டடத்தில். பத்தாவது நிமிடத்திலேயே எங்கே போய் முடியும் என்று சொல்லிவிடலாம். இது உண்மை. கதையின் விதையே பழையதுதான். 1935இல் மார்செல் பாக்னோல் எடுத்த 'மெர்லூஸ்' என்ற பிரெஞ்சுப் படத்தில் கிறிஸ்துமஸுக்கு விடுதியில் நின்றுபோன பையன்களும் அவர்களுக்குப் பிடிக்காத ஆசிரியரும் வருகிறார்கள். அதிலிருந்துதான் யோசனை கிடைத்தது என்று பெய்ன் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் முடிவு தெரிவதைக் குறை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவார் என்று தெரிந்துதான் விடிய விடிய வைகைக் கரையில் நிற்கிறோம்.

இன்னொரு குறை, ஆரம்பத்தில் ஐந்து பையன்களாக இருப்பவர்களில் நான்கு பேர் திடீரென்று கழன்றுகொள்வது. ஒருவனுடைய அப்பா ஹெலிகாப்டரில் வந்து இறங்கி மற்றவர்களையும் சேர்த்துப் பனிச்சறுக்கு விளையாட அழைத்துப் போகிறார். ஆங்கஸின் அம்மாவை மட்டும் போனில் பிடிக்க முடியவில்லை, அனுமதி கிடைக்கவில்லை, அவன் நின்றுபோகிறான். எழுத்தாளர் தன் வசதிக்காகப் பையன்களைக் காலி செய்துவிட்டார் என்றார்கள். இந்தக் குறையை நான் ஏற்கமாட்டேன். விடுமுறை விடுதியில் நடப்பதே அதுதான். காலையில் ஆறு பேர் இருப்பார்கள். மத்தியானம் ஒருவனுடைய மாமா கார் எடுத்துக்கொண்டு வருவார், 'வழியில இவனையும் இறக்கிவிட்டுடுறேன் சார்' என்று இன்னும் மூன்று பேரை ஏற்றிக்கொள்வார். கேட் சாத்தும்போது ஒருவன் மட்டும் நிற்பான். அந்தப் புழுதி அடங்கும்வரை அவன் உள்ளே போகமாட்டான்.

மூன்றாவது குறைதான் கனமானது. அது மேரியைப் பற்றியது.

மேரி பாத்திரத்தில் என்ன குறை? அவர்தானே ஆஸ்கர் வாங்கியது?

ஆமாம், அதனால்தான் இந்தக் குறையை நின்று பார்க்க வேண்டும்.

மூவரில் மிகப் பெரிய இழப்பு மேரிக்கு. ஆனால் படம் அதிக நேரம் செலவிடுவது இரண்டு வெள்ளைக்கார ஆண்களிடம். பாஸ்டன் பயணத்தில் பையனும் வாத்தியாரும் தங்கள் ரகசியங்களை ஒருவருக்கொருவர் திறக்கிறார்கள். மேரியோ வழியில் இறங்கித் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள். கறுப்பினப் பெண்ணை மற்றவர்களின் மன மாற்றத்துக்குத் துணையாக வைத்துவிட்டு அவளுடைய கதையைச் சுருக்கிவிட்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். நான் இதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். பாராட்டிய அந்த 97 சதவீதத்தில் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்பது என் மனத்தாங்கல்.

ஆனால் ராண்டால்ஃப் அந்தக் குறைந்த இடத்தில் செய்திருப்பதைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் முந்தின இரவு ஒரு வீட்டு விருந்து. பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு அவள் தனியாக நிற்கிறாள். கொஞ்சம் குடித்திருக்கிறாள். பிறகு சமையலறையில் உடைந்து போகிறாள். பல படங்களில் அந்த அழுகையோடு துக்கம் தீர்ந்துவிடும். இங்கே தீரவில்லை. மறுநாளும் அவள் எழுந்து சமைக்கத்தான் வேண்டும்.

இன்னொரு காட்சியில் வசனமே இல்லை. கர்ப்பமாக இருக்கும் தங்கையின் வீட்டில் மேரி ஒரு பெட்டியைத் திறந்து, கர்டிஸ் குழந்தையாக இருந்தபோது போட்டிருந்த துணிகளையும் காலணியையும் எடுத்து வைக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். படம் முடிந்தும் அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

கர்டிஸ் ஏன் அந்தப் பள்ளியில் படித்தான்? அம்மா அங்கே சமையல் வேலைக்குச் சேர்ந்ததே அவன் படிப்புக்காகத்தான். ஏன் போருக்குப் போனான்? கல்லூரிக்குப் பணம் இல்லை. அவனோடு படித்தவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். இந்தக் கணக்கைப் படம் உரக்கச் சொல்வதில்லை. அது தெரிந்த பிறகு, மேரி ஒவ்வொரு முறை அந்தப் பையன்களின் தட்டில் சாப்பாடு வைக்கும்போதும் அவள் கையை நம்மால் சும்மா பார்க்க முடியாது. ராண்டால்ஃபுக்குக் கிடைத்த விருதுகள் அந்தக் கைக்குத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு இன்னும் இருபது நிமிடம் கொடுத்திருந்தால் இது வேறொரு உயரத்துக்குப் போயிருக்கும்.

மொத்தம் என்னென்ன விருது?

2023 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் டெல்லுரைட் திரைப்பட விழாவில் முதல் திரையிடல். அடுத்து டொரான்டோ விழாவில் ரசிகர்கள் வாக்களித்துத் தரும் விருதில் இரண்டாவது இடம். கோல்டன் குளோப் விழாவில் ஜியாமாட்டிக்கும் ராண்டால்ஃபுக்கும் விருது. ராண்டால்ஃப் அந்தப் பருவத்தில் பிரிட்டனின் பாஃப்டா, அமெரிக்க நடிகர் சங்க விருது, ஆஸ்கர் என்று பெரிய விருதுகளை எல்லாம் வாங்கினார்.

ஆஸ்கரில் ஐந்து பரிந்துரை: சிறந்த படம், நடிகர், துணை நடிகை, அசல் திரைக்கதை, படத்தொகுப்பு. 2024 மார்ச் 10 விழாவில் கிடைத்தது துணை நடிகை விருது மட்டும். சிறந்த படமும் நடிகரும் 'ஓப்பன்ஹைமர்' பக்கம் போயின. இயக்குநர் பட்டியலில் பெய்னின் பெயரே இல்லை. அது சரியில்லை என்பது என் கட்சி. இவ்வளவு அடக்கமாக எடுப்பதற்கும் ஒரு கை வேண்டும்.

இது சிரிப்புப் படமா, அழுகைப் படமா?

கோல்டன் குளோப் இதை நகைச்சுவைப் பிரிவில் சேர்த்தது. மாடியில் எங்கள் கூட்டம் முதல் ஒரு மணி நேரம் விழுந்து விழுந்து சிரித்தது, பிறகு சத்தம் குறைந்துகொண்டே வந்தது. விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வந்த சொல், இனிப்பும் கசப்பும் கலந்தது என்ற பொருள் கொண்டது. சித்திரை முதல் தேதி நம் வீடுகளில் வெல்லத்தோடு வேப்பம்பூவைப் போட்டுப் பச்சடி வைப்போமே, அதைக் கையில் வாங்கியவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் 'மனசுக்கு இதமான படம்' என்று எழுதியவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. விளம்பரங்களும் இதையே சொல்லிக்கொண்டிருந்தன. இதம் கடைசியில் வருகிறதுதான். அதற்கு முன் பள்ளி நிர்வாகம் செலவை மிச்சப்படுத்த விடுதி அறைகளின் கணப்பை நிறுத்தி, எல்லாரையும் நோயாளி அறைக்கு மாற்றுகிறது. அந்தக் குளிரில் இவர்கள் ஒருவரை ஒருவர் நிஜமாகவே காயப்படுத்திக்கொள்கிறார்கள். அந்தக் காயங்களை இந்தப் படம் அவசரப்பட்டு ஆற்றுவதில்லை. இதை நான் உயர்வாக நினைப்பதே அதற்காகத்தான்.

1970, வியட்நாம் எல்லாம் தெரியாமல் பார்த்தால் புரியுமா?

புரியும். ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அன்று அமெரிக்காவில் இளைஞர்களைக் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்தார்கள். 1969 டிசம்பர் 1 அன்று பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டு வரிசை முடிவு செய்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒத்திவைப்பு இருந்தது. ஆகவே கட்டணம் கட்ட முடிந்தவன் வகுப்பறையில் இருந்தான், முடியாதவன் காட்டில் இருந்தான். ஆங்கஸைப் பள்ளியை விட்டு எடுத்து ராணுவப் பள்ளியில் போட்டுவிடுவார்கள் என்ற மிரட்டல் கதையில் வருகிறது. அது வெறும் பள்ளி மாற்றம் அல்ல, அடுத்த கர்டிஸ் யார் என்ற கேள்வி.

மதுரைக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது அண்ணே?

நிறைய இருக்கிறது. முதலில் அந்த ஊரே நமக்கு அந்நியம் இல்லை. படம் எடுக்கப்பட்டது பெரும்பாலும் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளிகளில். அதே மாநிலத்தின் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற சபைதான் 1834இல் மதுரைக்கு மிஷனரிகளை அனுப்பியது. 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி அவர்கள் வழியில் வந்தது. கல்லூரியின் செங்கல் கட்டடங்களையும் மர நிழலையும் தெரிந்தவர்களுக்கு, படத்தின் முதல் காட்சிகளில் வரும் செங்கல் சுவர்கள் எங்கேயோ பார்த்தவை போல இருக்கும். மதுரை வெயில் தாங்காமல் அந்த மிஷனரிகள் ஏறிப்போன மலை கொடைக்கானல். தங்கள் பிள்ளைகளுக்காக அங்கே 1901இல் அவர்கள் தொடங்கிய தங்கும் பள்ளி இன்றும் நடக்கிறது. பெற்றோர் தூரத்தில், பிள்ளைகள் குளிரில். அந்த வாழ்க்கை நம் மலையிலும் இருந்தது.

இரண்டாவது காரணம் என் சொந்தக் காரணம். நான் வேலை பார்த்த விடுதியில் ஒரு பொங்கலுக்கு மூன்று பையன்கள் நின்றுபோனார்கள். ஒருவனுடைய அம்மா வளைகுடாவில் வீட்டு வேலை பார்த்தாள். இன்னொருவனுக்கு வீட்டில் சொத்துச் சண்டை, 'இப்போ அனுப்பாதீங்க' என்று தகவல். மூன்றாமவன் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆள் குறைவு என்று நிர்வாகம் தண்ணீர் மோட்டாரைக் காலையில் ஒரே ஒரு முறை போடச் சொல்லிவிட்டது. சமையலுக்கு இருந்த அம்மா வாடிப்பட்டிப் பக்கத்துக்காரர். அவரும் ஊருக்குப் போகவில்லை. தைப்பொங்கலன்று விடுதி முற்றத்தில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கல் வைத்தார். பானை பொங்கியபோது குலவை போட அவர் ஒருத்திதான். பையன்களில் ஒருவன் வெட்கப்பட்டுக்கொண்டே 'பொங்கலோ பொங்கல்' என்றான். மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். இரண்டு நாளும் என் அறையில் இருந்த சின்ன டிவியில் ஜல்லிக்கட்டுப் பார்த்தோம். அந்த மூன்று நாளில் நான் அவர்களிடம் பேசியது, அந்த வருடம் முழுக்கப் பேசியதைவிட அதிகம்.

அந்தச் சமையல்கார அம்மா ஏன் ஊருக்குப் போகவில்லை என்று நான் அன்று யோசிக்கவே இல்லை. மேரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்றிதழ். கெட்ட வார்த்தை நிறைய, குடியும் புகையும் உண்டு. கல்லூரி வயதுப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பேசவும் செய்யுங்கள்.

கடைசிக் காட்சியைப் பற்றி விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? (படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

ஆங்கஸ் தன் அப்பாவை மனநல மருத்துவமனையில் போய்ப் பார்த்த விஷயம் வெளியே வந்துவிடுகிறது. அவனைப் பள்ளியை விட்டு எடுக்கப் போகிறார்கள். ஹனம் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார், வேலை போகிறது. எதற்கும் பொய் சொல்லாதே என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் ஒரு பையனுக்காகச் சொல்லும் பொய் அது. இது கொஞ்சம் அளவுக்கு மீறிய தியாகம் என்று சிலருக்குப் பட்டது. பெரும்பாலோர் மனதில் நின்றது விடைபெறும் விதம்: இருவரும் கை குலுக்குகிறார்கள், அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை. நம் படமாக இருந்தால் பையன் ஓடிவந்து காலில் விழுந்திருப்பான், பின்னணியில் வயலின் அழுதிருக்கும். அதற்கு நானும் அழுதிருப்பேன், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கைகுலுக்கலில், முப்பது வருடமாக யாரையும் தொட்டுப் பேசாத ஒரு மனிதரின் கை இருக்கிறது. அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அந்த அளவோடு நிறுத்தியது சரி.

வீட்டில் போட்டேன் சார். முதல் அரை மணி நேரம் நகரவே இல்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். தொடக்கம் மெதுவானதுதான், பாராட்டியவர்களிலேயே சிலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். போனைத் தள்ளி வைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, விளக்கை அணைத்துப் பாருங்கள். அந்த ஹெலிகாப்டர் வந்து போகும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அது கிளம்பிய பிறகு பையன் முகத்தை ஒருமுறை பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், பேசலாம்.